மறு: கலைச்சொல் அட்டவணைக்கு, ஆழ்கடல் சிப்பிக்குள் கிடக்கும் புழுவுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

> ‘சிப்பி ஒட்டுண்ணி’ என்றே வைத்துவிடலாம். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எனக்குச் சங்கடமே அதில்தான், ஐயா. விசாரணை முடியுமுன் தீர்ப்பு எழுதின மாதிரி ஆகிவிடும். நாம் பெயர் தேடும் புழுவின் பேரினம் பிராங்கிபோலினோயி; அது 1984இல் அறிவியல் பெயர் பெற்றது. கடலடி வெந்நீர் ஊற்றுகளிலும் மீத்தேன் கசிவுகளிலும் வாழும் சிப்பிகளின் ஓட்டுக்குள், செவுளை ஒட்டிக் கிடக்கும் செதில் புழு. சிப்பியின் செவுளில் காயம் பார்த்தவர்கள் ஒட்டுண்ணி என்றார்கள். சிப்பி வேண்டாமென்று சளியில் உருட்டித் தள்ளுவதைத்தான் இது தின்கிறது என்று சாதித்தவர்களும் உண்டு. இதில் நாம் ஏன் ஒரு கட்சியில் சேர வேண்டும்?

> அப்படியானால் ‘உடனுண்ணி’? ஆங்கிலத்தில் ‘கமென்சல்’ என்பதற்கு லத்தீன் மூலத்தில் ஒரே மேசையில் உண்பவன் என்றுதானே பொருள்? இல்லையென்றால் ‘கூட்டுயிரி’.

பந்தியில் பக்கத்து இலைக்காரனுக்கு உடனுண்ணி பொருந்தும். இந்த வீட்டில் யார் இலையில் யார் கை வைக்கிறார்கள் என்பதே வழக்கு. கூட்டுயிரியோ, இந்தப் பேச்சில் வேறொருவருக்குச் சொந்தம். சிப்பியின் செவுளுக்குள் இருக்கும் பாக்டீரியாக்கள் சல்பைடையோ மீத்தேனையோ கொண்டு அதற்குச் சோறு போடுகின்றன. புழுவையும் அதே சொல்லால் அழைத்தால், படிக்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகிவிடும்.

என் முன்மொழிவு: ஒண்டுப்புழு.

இது அகராதியில் கிடைத்ததில்லை. கடலூர் முதுநகரில் வாங்கிய மட்டியை அலசும்போது ஒன்றுக்குள் பட்டாணி அளவில் வெளிறிய நண்டு இருந்தது. மறுநாள் விற்ற அம்மாவிடம் கேட்டேன். “அது பாட்டுக்கு ஒண்டிக் கெடக்குது சார், தூக்கிப் போட்டுட்டு ஆக்குங்க” என்றார். கெடுதல் செய்கிறதா, நன்மை செய்கிறதா என்ற பேச்சே இல்லை; இருப்பைச் சொல்லி முடித்துவிட்டார். ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் நெருக்கம் தெரியும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டின கதையும் நம்மிடம் இருப்பதால், நாளை ஒட்டுண்ணி என்றே முடிவானாலும் சொல் பொய்யாகாது.

சிப்பி இனத்தின் பெயரை முன்னால் ஒட்டவும் வேண்டாம். ஒரே இனப் புழு வெவ்வேறு சிப்பி இனங்களில் கிடைத்திருக்கிறது. போதாததற்கு, பார்வைக்கு ஒன்றாய்த் தெரிந்தவற்றை டி.என்.ஏ. பல இனங்களாகப் பிரித்துப் போட்டுவிட்டது. வீட்டுக்காரர் பெயரில் குடியிருப்பவருக்கு ரேஷன் அட்டை வாங்கினால் பிறகு திருத்தி மாளாது.

--- கடலூரிலிருந்து

> ஒண்டுப்புழு

புதுச்சேரியில் எங்கள் வீட்டில் ‘ஒண்டியாய்ப் போகாதே’ என்றால் தனியாகப் போகாதே என்று அர்த்தம். மாணவர்கள் ‘தனிப்புழு’ என்று எழுதி வைப்பார்கள், பாருங்கள். மேலும், கிளைவிட்ட செவுள்தானே இதன் அடையாளம்? லத்தீன் பெயரே செவுளைச் சொல்கிறது. உடம்பு சிவந்திருப்பதும் ஹீமோகுளோபினால். மற்ற செதில் புழுக்களில் அது அரிது. ‘செஞ்செவுள் புழு’ என்றால் பார்த்தவுடன் பிடிபடும்.

> தனிப்புழு என்று எழுதி வைப்பார்கள்

எழுதட்டுமே அம்மா, பாதி மதிப்பெண் கொடுக்கலாம். ஒரு சிப்பிக்குள் வளர்ந்த பெண்புழு பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும்.

செவுள் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் அந்தச் செவுளும் சிவப்பும்தான் இதன் பிழைப்பு. ஆனால் ‘செஞ்செவுள்’ என்றதும் நம் ஊர்க்காரருக்கு மீன் வாங்கும் ஞாபகம்தான் வரும், செவுளைத் தூக்கிப் பார்த்து. அதனால் இப்படிப் பிரிக்கிறேன்: குடும்பத்துக்குச் செதில் புழு, இந்தப் பேரினத்துக்குச் செவுள் ஒண்டுப்புழு, மட்டிக்குள் இருந்த நண்டு போன்றவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒண்டுயிரி.

மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், அட்டவணையில் ஏற்றிவிடுகிறேன். ஆங்கில ‘மசல்’ என்பதற்கு வெறும் ‘சிப்பி’ போதுமா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.