ஆறு நடிகர், இருபது நிமிடம்: திருகோணமலையில் மேடையேற்றத்தக்க சமகாலக் குறுநாடகங்கள் எவை?

உவர்மலை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் பாடத்தை ஒன்றாகப் படித்துவிட்டு, பின்னர் வேலை, பல்கலைக்கழகம், திருமணம் என்று திசைக்கொருவராகப் போன நாங்கள் ஆறு பேர், இவ்வாண்டு மீண்டும் சனிக்கிழமைகளில் கூடி ஒத்திகை பார்த்து வருகிறோம். நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். ஒவ்வொன்றும் 15 முதல் 25 நிமிடத்துக்குள் அடங்கும் மூன்று குறுநாடகங்களை ஒரே மாலையில் நகரில் மேடையேற்றுவது எங்கள் நோக்கம். எங்களுக்குக் கிடைத்துள்ள மண்டபத்தில் திரையும் இல்லை, பக்க மறைப்பும் இல்லை. 100 பிளாஸ்டிக் கதிரைகள் போடலாம், இரண்டு விளக்குகளை இரவல் வாங்கலாம்.

பிரதி தேடுவதில்தான் இடர்ப்படுகிறோம். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்து நாடக நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றி வாசிக்க முடிகிறது; அது பெரும் கொடை. ஆயினும் அங்கு எங்கள் கண்ணில் பட்ட குறுநாடகங்களுள் பல, பாடசாலை விழாக்களுக்கென எழுதப்பட்டவையாகவோ எங்கள் பெற்றோரின் இளமைக் காலத்துக்குரியவையாகவோ இருக்கின்றன. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'எந்தையும் தாயும்' நாடகத்திலிருந்து ஒரு காட்சியை மட்டும் எடுத்து நடிக்கும்படி நண்பர் ஒருவர் ஆலோசனை கூறினார். பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, ஊரில் தனித்துவிடப்பட்ட முதியோரின் கதை எங்கள் ஒழுங்கையிலும் வீட்டுக்கு வீடு உள்ளதுதான். ஆனால் முழு நாடகத்திலும் சிறிது சிறிதாகச் சேர்ந்து கனக்கும் அந்தத் தனிமையை ஒரு காட்சியளவுக்கு வெட்டியெடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குறுநாடகமாகவே பிறந்த பிரதி எங்களுக்கு வேண்டும். யாருடைய எழுத்தைத் தேடலாம், எங்கே பெறலாம், அனுமதியை எவ்வாறு கேட்பது என்று அறிந்தவர்கள் கூறுவீர்களாயின் நன்றியுடையோம்.

தம்பலகாமத்து ஆசிரியர்:

அன்புள்ள பிள்ளைக்கு, வெட்டியெடுக்க மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பதிலை எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் பாடசாலையில் நாடகம் பழக்கியவன் என்ற முறையில், நெடுநாடகங்களைப் போட்டி நேரத்துக்குள் அடக்குவதற்காக வெட்டிக் குறைத்த பாவத்தை நானும் பலமுறை செய்திருக்கிறேன். குறுநாடகம் ஒரு கணத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கணம் முடியுமிடத்தில் தானும் முடிவது.

தற்காலத் தமிழ் நாடகப் பிரதிகள் கடையில் அரிதாகவே கிடைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எழுதுபவரும் நெறியாளரும் ஒருவராகவே இருக்க, நாடகம் குழுவுக்குள் ஒத்திகையிலேயே உருவாகும் முறை நம்மிடம் வேரூன்றிவிட்டது. சென்னைக் கலைக்குழுவின் பிரளயன், மணல்மகுடியின் முருகபூபதி, புதுச்சேரி ஆழி சிறுவர் நாடகக் குழுவின் வேலு சரவணன் ஆகியோரின் ஆக்கங்களை அச்சில் மட்டும் தேடினால் பாதியே கிடைக்கும். மற்றப் பாதி ஒத்திகைக் கொப்பியிலும் நடிகர்களின் உடம்பிலும் இருக்கும். ஆகவே, புத்தகக் கடையில் தேடி ஓய்வதை விடக் குழுவுக்கு நேரே கடிதம் எழுதுவது பயன் தரும்.

அச்சில் உள்ளவற்றுள் நான் முதலில் பரிந்துரைப்பது எஸ். ராமகிருஷ்ணனின் 'அரவான்'. பாரதப் போரின் வெற்றிக்காகக் களப்பலி கொடுக்கப்படும் அருச்சுனன் மகனின் தனிமொழியாக அமைந்த நாடகம் அது. நமது கிழக்கில் அரவானை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயில் விழாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கும் பாரதக் கூத்துகளை விடிய விடியக் கேட்டவர்களுக்கும் அந்தப் பெயரே போதும். பிறர் வெல்வதற்காக ஓர் இளைஞன் ஏன் சாகவேண்டும் என்ற கேள்வி இந்த மண்ணில் எவ்வாறு ஒலிக்கும் என்பதை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. நடிப்பவர் ஒருவராயினும் மற்ற ஐவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கூத்தின் பிற்பாட்டுக்காரரைப் போலப் பின்னால் நின்று, ஒரு சொல்லையும் புதிதாகச் சேர்க்காமல், மத்தளமும் தாளமும் மட்டும் கொடுக்கலாம்.

கொட்டியாரக்குடா:

தங்கச்சிக்கு வணக்கம். நான் மூதூர்ப் பக்கம் ஆங்கிலம் கற்பிப்பவள். தமிழில் எழுதப்பட்டதுதான் வேண்டுமென்று நீங்கள் வரையறுக்கவில்லை. ஆதலால் ஆங்கில நாடகாசிரியர் ஹரோல்ட் பின்ரரின் 'மலை மொழி'யைப் (Mountain Language) பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள். இது புத்தம் புதியதன்று. 1988இல் இலண்டன் தேசிய அரங்கில் முதலில் மேடையேறியது; ஆசிரியரும் 2008இல் மறைந்துவிட்டார். ஆனால் நான்கே காட்சிகளில், 20 நிமிடமளவில் முடிந்துவிடும் இந்த நாடகத்தை வாசித்த நாளிலிருந்து, இது எங்கள் ஊரில் நடிக்கப்பட வேண்டியது என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

சிறைச்சாலை மதிலுக்கு வெளியே, தம் ஆண்களைப் பார்ப்பதற்காகப் பெண்கள் எட்டு மணித்தியாலம் பனியில் நிற்கிறார்கள். கிழவி ஒருத்தியின் பெருவிரலை நாய் கடித்துக் குதறியிருக்கிறது. முறையிட்டால், கடித்த நாயின் பெயரென்ன என்று அதிகாரி கேட்கிறான். பெயர் சொல்ல முடியாவிட்டால் நடவடிக்கை எடுக்க வழியில்லையாம். அவர்களுடைய மலை மொழி தடைசெய்யப்பட்டிருக்கிறது. உள்ளே மகனைக் கண்ட கிழவிக்கு வேறு மொழி தெரியாது. வாய் திறந்தால் அடி விழுகிறது. கடைசிக் காட்சியில், மறு அறிவித்தல் வரை அவள் தன் மொழியிலேயே பேசலாம் என்று சட்டம் மாறுகிறது. மகன் கெஞ்சுகிறான். அவளோ பேசுவதில்லை. உரிமை திரும்பி வந்த வேளையில் குரல் போய்விட்டது.

2006இல் நாங்கள் இடம்பெயர்ந்திருந்தபோது, ஓர் அலுவலகத்தில் என் அம்மம்மாவிடம் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட படிவமொன்றைக் கொடுத்துக் கைநாட்டு வாங்கினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவருக்கு யாரும் பதில் கூறவில்லை. வீட்டுக்கு வந்தும் அன்று முழுவதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை நான் மீண்டும் கண்டது இந்த நாடகத்தின் கடைசிப் பக்கத்தில்தான்.

மொழிபெயர்ப்பில் ஒரு நுட்பம் உண்டு. மூலத்தில் இரண்டு மொழிகளும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. தாயும் மகனும் நாட்டுப்புற உச்சரிப்பில் பேச வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே வேறுபாட்டைக் காட்டுகிறது. தமிழில் அதிகாரிகளுக்கு வானொலிச் செய்தி வாசிப்பாளரின் தமிழைக் கொடுத்துவிட்டு, தாய்க்கு எங்கள் கொட்டியாபுரப்பற்றுப் பேச்சை, 'மறுகா' என்று தொடங்கும் அந்தப் பேச்சை, அப்படியே கொடுக்கலாம். அதிகாரிக்கு வேற்று இனத்தவரின் சாயலைக் கொடுப்பதை நான் விரும்பவில்லை. கொடுத்தால் நாடகம் ஒரு தரப்பின் குற்றப்பத்திரிகையாகச் சுருங்கிவிடும். யாரும் யாருடைய நாவையும் கட்டலாம் என்பதல்லவா அதிலுள்ள அச்சம்?

இன்னொன்றையும் கூற வேண்டும். 1996இல் குர்திஷ் நடிகர்கள் இலண்டனில் இதே நாடகத்தை விளையாட்டுத் துப்பாக்கிகளுடன் ஒத்திகை பார்த்தபோது, உண்மையென்று எண்ணிய காவல்துறையினர் அவர்களைப் பிடித்துக்கொண்டு போனதோடு, தம் மொழியில் பேசவும் தடுத்தனர். எனவே துப்பாக்கி வேண்டாம், சீருடையும் வேண்டாம். ஒரு தொப்பியும் ஒரு கதிரையும் போதும்.

மட்டக்களப்பு நண்பர்:

கொட்டியாரக்குடா அக்காவின் பதிலை இரண்டு முறை வாசித்தேன். அந்த நாடகத்தின் தகுதியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் 'அரவான்', அதன் பின் 'மலை மொழி' என்று ஒரே மாலையில் அடுக்கினால் சபை தாங்குமா என்று யோசிக்கிறேன். சாவையும் சிறையையும் நேரில் கண்டவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். மூன்றாவது நாடகமாவது அவர்களை மூச்சுவிட வைக்க வேண்டும்.

அதற்குப் பிரித்தானிய நாடகாசிரியை கேரில் சேர்ச்சிலின் 'காதலும் தகவலும்' (Love and Information) உதவலாம். 2012இல் இலண்டன் றோயல் கோர்ட் அரங்கில் முதலில் மேடையேறிய அந்த நாடகத்தில் 50க்கும் மேற்பட்ட குறுங்காட்சிகள் உள்ளன. சில ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தன்னிடமுள்ள இரகசியத்தைச் சொல்லும்படி வற்புறுத்தப்படும் ஒருவர், தகவல் மழையில் நனைந்தும் எதையும் அறியாதிருக்கும் ஒருவர் என்று நம் கைத்தொலைபேசிக் காலத்து மனிதர்களே அதில் வருகிறார்கள். எந்த வசனம் யாருடையது என்று ஆசிரியர் குறிப்பிடவே இல்லை. பேசுபவர் தாயும் மகளுமா, காதலரா, வங்கியில் வரிசையில் நிற்கும் இருவரா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். நான்கு பெண்களும் இரண்டு ஆண்களும் உள்ள குழுவுக்கு இதைவிட வசதி வேறில்லை. பெண் பாத்திரம் ஒன்றுக்கு ஆண் பாத்திரம் ஐந்து என்ற நம் பழைய பிரதிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அனுமதி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். அப்படியானால் பின்ரரின் நாடகங்கள் 2078 வரை உரிமைக்கு உட்பட்டவை. மொழிபெயர்ப்பதற்கும் மேடையேற்றுவதற்கும் தனித்தனியே ஒப்புதல் கேளுங்கள். கடிதத்தில் இருக்கைகளின் எண்ணிக்கை, கட்டணம் உண்டா இல்லையா, எத்தனை முறை மேடையேற்றம் என்பவற்றைத் தெளிவாக எழுதினால் விடை விரைவில் வரும். தமிழ்நாட்டு எழுத்தாளருக்கு எழுதும்போதும் இதே ஒழுங்கைப் பின்பற்றுங்கள். நம்மவர்தானே என்று கேளாமல் போடும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. எழுதியவருக்குத் தன் நாடகம் எந்த ஊரில் நடந்தது என்பதாவது தெரிய வேண்டாமா?

உவர்மலை வாசகி:

சேருக்கும் அக்காவுக்கும் அண்ணாவுக்கும் எங்கள் ஆறு பேரின் நன்றி. நேற்று மாலை உட்துறைமுக வீதியில் அமர்ந்து மூன்று பதில்களையும் உரக்க வாசித்தோம். 'மலை மொழி'யும் சேர்ச்சிலின் எட்டுக் காட்சிகளும் என்று முடிவாகியிருக்கிறது; இரண்டு உரிமையாளர்களுக்கும் இவ்வாரமே எழுதுகிறோம். 'அரவானை' இம்முறை விடுகிறோம். எங்கள் இரண்டு ஆண்களுள் ஒருவர், அந்த வேடத்தைத் தாங்க இன்னும் ஓராண்டு பயிற்சி வேண்டும் என்று தாமாகவே கூறினார். மற்றவர், தன் அண்ணனின் நினைவு வருவதால் இப்போதைக்கு இயலாது என்றார். வற்புறுத்தவில்லை.

மூன்றாவது இடம் வெற்றாக உள்ளது. அதை நாங்களே எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். தினமும் விடியற்காலையில் மீன் வாங்க வரும் இரு பெண்கள், ஒருவர் தமிழர், ஒருவர் முஸ்லிம், கடலுக்குப் போன வள்ளம் திரும்பும் வரை கரையில் பேசிக்கொண்டிருப்பது மட்டுமே கதை. எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறோம், முடிவு கைகூடவில்லை. அக்கா, முஸ்லிம் பெண்ணின் பேச்சுவழக்கை நீங்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தர முடியுமா?

கொட்டியாரக்குடா:

அனுப்புங்கள், பார்க்கிறேன். ஆனால் நான் திருத்துவதைவிட, என் வகுப்பில் படித்த கிண்ணியாப் பிள்ளைகள் இருவர் உங்கள் ஒத்திகைக்கு வந்து அந்தப் பக்கங்களைத் தம் வாயால் வாசிப்பது நல்லது. அவர்களின் வீட்டாரிடம் கேட்டு அழைத்து வருகிறேன்.

தம்பலகாமத்து ஆசிரியர்:

பிள்ளை, முடிவுக்காக அவசரப்பட வேண்டாம். அந்த இருவரும் வாசித்து முடிக்கட்டும். வள்ளம் கரைக்கு வர வேண்டுமா என்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.