உப்புக்காற்றில் தேய்ந்த ட்ரான்ஸ்பார்மர்: மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

மண்டபம், பாம்பன் பக்கத் துணை மின்நிலையங்களில் வெகுகாலம் வேலை பார்த்தவன் நான். பழைய பவர் ட்ரான்ஸ்பார்மரை மாற்றும் பேச்சு வந்தால் "எத்தனை வருசம் ஆச்சு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கள் கடற்கரையில் அந்தக் கணக்கை மட்டும் நம்ப முடியாது. உள்ளே காயிலில் மின்காப்புக்காகச் சுற்றிய காகிதம் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

எண்ணெய் கெட்டால் வடிகட்டலாம், மாற்றலாம். அந்தக் காகிதத்துக்கு அந்த வழி கிடையாது. புதுக் காகிதத்தின் பாலிமர் அளவு, அதாவது நார் இழையின் சங்கிலி நீளம், 1,000 வாக்கில் இருக்கும். 200-க்கு இறங்கிவிட்டால் ஆயுள் முடிந்த மாதிரிதான். வெளியே லைனில் ஷார்ட் ஆகி ஒரு உலுக்கு உலுக்கினால் தாங்காது. ஈரமும் சூடும் சேர்ந்தால் சீக்கிரம் அந்த நிலைக்கு வந்துவிடும். பிரீதரில் (உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குப்பி) சிலிக்கா ஜெல் நீலம் போய் ரோஸாகிக் கிடப்பதைப் பார்த்தும் "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நாங்கள் மாற்றிய 110 கேவி யூனிட்டில் இதேதான் நடந்தது. ஃபில்டர் போட்டவுடன் எண்ணெயின் பிடிவி (எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்ற அளவு) நன்றாக ஏறும். சில மாதத்தில் மறுபடி 40 கிலோவோல்ட்டுக்குக் கீழே வந்து நிற்கும். ஈரத்தில் பெரும்பங்கு காகிதத்துக்குள்தான் தங்கியிருந்தது. வடிகட்ட வடிகட்ட எண்ணெய்க்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தது. ரேடியேட்டர் தகடுகளின் வெல்டிங் ஓரம் துருப்பிடித்து, எண்ணெய் கசிந்து, அதில் மணல் ஒட்டிக் கருப்பாய்ப் படிந்திருந்தது. அதற்கு மேலும் வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

மாற்றும்போது அவசரமே கூடாது. எண்ணெயை வடித்து, புஷ்ஷிங்கும் (மின்கம்பி உள்ளே நுழையும் இடத்துக் காப்பு) ரேடியேட்டரும் கழற்றி, தண்டவாளத்தில் இழுத்து வெளியே கொண்டுவந்தோம். புதியதற்கு வேக்குவத்தில் எண்ணெய் ஏற்றி, அடங்க விட்டு, புக்கோல்ஸ் ரிலேயில் (உள்ளே வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் கருவி) காற்றைத் திறந்து விட்டு, மெகர் வைத்து மின்காப்பு சரியா என்று பார்த்தோம். அப்புறம்தான் லோடு இல்லாமல் சார்ஜ், அதாவது மின்சாரம் கொடுத்தோம். முதல் 'உம்ம்' அடங்கி ஒரே சீராக ஓடும்வரை யாரும் பேசவில்லை.

— லைன்மேன், தேவிபட்டினம் பக்கம்:
சார், வெளியே உள்ள ஆபத்தையும் சொல்லணும். மழையே இல்லாமல் உப்பு படிந்துகொண்டே போகும். காய்ந்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. விடிகாலைப் பனி இறங்கினால் புஷ்ஷிங்கில் சடசடவென்று சத்தம் வரும், நீலமாய்ப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். பெருமழை பெய்தால் தானாகக் கழுவிவிடும், தூறல்தான் மோசம். புது யூனிட் வந்துவிட்டது என்று புஷ்ஷிங் துடைப்பதை நிறுத்திவிடக் கூடாது.

— ஐஸ் பிளான்ட் நடத்துபவர், தங்கச்சிமடம்:
எங்களுக்கு ஒரு நாள் கரண்ட் போனால் படகுக்கு ஐஸ் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. அப்போது மாற்றக் கூடாதா?

— தொடங்கியவர்:
அண்ணே, நியாயமான கேள்வி. ஆனால் அது கோடை. வீட்டுக்கு வீடு ஏசி ஓடும். ஒன்றை இறக்கிவிட்டால் மொத்த லோடும் மற்றொன்றின் தலையில் விழும், அதுவும் கொதிக்கிற வெயிலில். ஐப்பசி, கார்த்திகையில் மழை. எண்ணெய் வேலைக்கு ஆகாது. என்னைக் கேட்டால் தை, மாசிதான் சரி.

— ஐஸ் பிளான்ட் நடத்துபவர்:
சரி சார். ஒரு வாரம் முன்னால் தேதி சொன்னால் போதும், கட்டி அடித்துச் சேர்த்து வைத்துக்கொள்வோம்.