மழைக்காலத்துக்கு ஏற்ற மூன்று வரிசை ஹைபிரிட் கார் எது?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம், வீட்டில் ஏழு பேர். ஐப்பசி, கார்த்திகை வந்தால் புதுச்சேரி போய்வருவதே பெரும்பாடு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை கரைபுரண்டபோது எங்கள் பழைய காருக்குள் தண்ணீர் ஏறி, அம்மா காலைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார்.

இப்போது ஹைபிரிட்டில், அதாவது பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ளதில், இரண்டு வண்டிகளைப் பார்த்திருக்கிறோம். வால்வோ எக்ஸ்சி90க்கு நான்கு சக்கரத்திலும் இழுவை உண்டு, ஆனால் மைல்டு ஹைபிரிட்தான். பேட்டரியில் மட்டும் ஓடாது. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஸ்ட்ராங் ஹைபிரிட், மெதுவாகப் போகும்போது பேட்டரியிலேயே கொஞ்ச தூரம் ஓடும் என்பதால் நெரிசலில் பெட்ரோல் மிச்சமாகும்; இழுவை முன்சக்கரத்தில் மட்டும். விலையோ மலைக்கும் மடுவுக்கும். என் மனசு ஹைகிராஸ் பக்கம்தான்.

தேங்கிய தண்ணீரில் அதை ஓட்டியவர்கள் சொல்லுங்கள், பேட்டரிக்குத் தொந்தரவு வந்ததா? அப்புறம், முழங்கால் வலி உள்ளவர்கள் கடைசி வரிசையில் ஏறி இறங்க முடிகிறதா?