அப்பாவுக்கு ரேடியேஷன் முடிந்தது, இனி இம்யூனோதெரபி தேவையா?

மன்னார்குடி மகள்:
அப்பாவுக்குச் சிறுசெல் நுரையீரல் புற்றுநோய், நெஞ்சைத் தாண்டவில்லை. கீமோவும் ரேடியேஷனும் சேர்த்துக் கொடுத்து முடித்து மூன்று வாரம் ஆகிறது, ஸ்கேனில் கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது. இனி துர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி (உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோயோடு போராட வைக்கும் மருந்தாம்), நாலு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு வருஷம் வரை என்கிறார் டாக்டர். குறுவைப் பணம் முழுக்க ஏற்கெனவே கரைந்துவிட்டது. உண்மையிலேயே பலன் உண்டா?

குடந்தை வாசி:
உண்டு சகோதரி. 2024-இல் வெளியான அட்ரியாட்டிக் என்ற ஆய்வில், உங்கள் அப்பாவைப் போல முதல் சிகிச்சைக்குப் பின் நோய் வளராமல் இருந்தவர்களுக்குத்தான் இந்த ஊசியைக் கொடுத்தார்கள். அவர்களில் பாதிப்பேர் 55.9 மாதம் தாண்டியும் உயிரோடு இருந்தார்கள், மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் அது 33.4 மாதம். ரேடியேஷன் முடிந்து 42 நாளுக்குள் ஆரம்பித்தார்கள், அதனால் நாளைக் கடத்தாதீர்கள். மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டம் கிடைக்குமா என்று டாக்டரிடமே கேளுங்கள்.

திருவையாறு:
அம்மாவுக்கு வேறு வகை நுரையீரல் புற்றுநோய், ஆனால் இதே ஊசி. நாலாவது ஊசிக்கு அப்புறம் வறட்டு இருமல், திண்ணையிலிருந்து கொல்லைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றார். மார்கழிப் பனி என்று கஷாயம் கொடுத்துப் பத்து நாள் வீணாக்கினோம், பார்த்தால் ஊசியின் பக்கவிளைவாக வந்த நுரையீரல் அழற்சி. ஸ்டீராய்டில் சரியானது. இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

மன்னார்குடி மகள்:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. திங்கட்கிழமையே தஞ்சாவூர் போகிறோம்.