ரவிவர்மா லட்சுமி படத்தின் காலத்தை எப்படிக் கணிப்பது?

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பாட்டி வீட்டைக் காலி செய்தபோது ரவிவர்மாவின் லட்சுமி அச்சுப்படம் கிடைத்தது. புடவைக் கரையில் நிஜ ஜரிகை ஒட்டியிருக்கிறார்கள். சம்கி பாதி உதிர்ந்துவிட்டது. அடியில் அச்சகப் பெயரில் ‘வர்மா’ மட்டும் மிச்சம், மற்றதைச் செல்லரித்துவிட்டது.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஆஃப்செட் நகலில் வருகிற வரிசைப் புள்ளிகள் இல்லை. முகமெங்கும் ஒழுங்கற்ற புள்ளிகள், எனவே கல்லச்சுதான் (கல்லில் படம் வரைந்து அச்சிடும் பழைய முறை). ஆனால் 1894-இல் மும்பையில் தொடங்கிய ரவிவர்மாவின் அச்சகம் கைமாறிய பிறகும் படங்கள் வந்துகொண்டேயிருந்தன. என்னுடையது எந்தக் காலத்தது?

பழைய சாமான் வியாபாரி சட்டத்துக்கு மட்டும் விலை சொன்னார், தேக்காம்! கொஞ்சகாலம் ஏற்காட்டில் மாட்டியிருந்ததால் ஓரத்தில் ஈரக்கறை. அது மதிப்பை எவ்வளவு குறைக்கும்? சட்டத்தைக் கழற்றலாமா? சேலம் பக்கம் நேரில் பார்த்துச் சொல்பவர்கள் இருந்தால் தெரிவியுங்கள்.