மறு: தானியங்கிக் கியர்பெட்டியில் ஊற்றும் எண்ணெய்க்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:

குழுவினருக்கு வணக்கம். இங்கே மலேசியாவில், சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வேளையில் வாகனப் பழுதுபார்ப்பு கற்றுத் தருகிறோம். தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தானியங்கி வண்டியின் கியர்பெட்டிக்குள் ஊற்றும் அந்தச் சிவப்பு எண்ணெய்க்குச் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

முந்தைய பதிப்பில் "கியர் எண்ணெய்" என்று போட்டிருந்தது. சென்ற வாரம் ஒரு மாணவன் அதைப் படித்துவிட்டு, பழைய புரோட்டோன் விரா காருக்கு ஊற்றக் கடையிலிருந்து 80-90 என்று அச்சிட்ட புட்டியை வாங்கி வந்து, மூடியையும் திருகிவிட்டான். அது கைக்கியர் பெட்டிக்கும் பின் அச்சுக்கும் உரிய கெட்டி எண்ணெய். புனல் வைப்பதற்குள் பார்த்துத் தடுத்தோம். பையன் கையேட்டில் இருந்ததைத்தான் செய்தான். ஆகவே அழகான சொல்லைவிட, தவறான புட்டியை எடுக்கவிடாத சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தைப்பிங்:

முதலில் "எண்ணெய்" என்பதையே ஆராய வேண்டும். எள் + நெய் = எண்ணெய். எள்ளில் பிறந்ததற்கே அந்தப் பெயர் உரியது. நிலத்தடியிலிருந்து எடுத்து ஆலையில் வடித்ததை எண்ணெய் என்பது பொருந்துமா? "நெய்" என்ற வேர்ச்சொல்லே போதும். பசையும் வழவழப்பும் அதில் அடங்கும். "செலுத்துநெய்" என்று முன்மொழிகிறேன். உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் புறநானூறு 102ஆம் பாட்டு காட்டுகிறது. அதற்குச் "சேம அச்சு" என்று பெயரே இருக்கிறது. உதிரிப்பாகத்துக்குச் சொல் வைத்திருந்த மொழி இதற்கு ஆங்கிலத்திடம் கையேந்த வேண்டியதில்லை.

பட்டறை உரிமையாளர், ஈப்போ:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் "நெய்" என்றால் என் பட்டறைப் பையன்கள் கிரீசைத்தான் எடுத்து வருவார்கள். தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் எள்ளிலிருந்தா வந்தன? அந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது.

இந்த எண்ணெய் செய்யும் வேலையைப் பாருங்கள். எஞ்சினின் சுழற்சியை, எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் இருக்கும் முறுக்குவிசை மாற்றிக்குள் (டார்க் கன்வெர்ட்டர்) இதுதான் ஏந்திக் கடத்துகிறது. வால்வுகளின் வழியே அழுத்தமாகப் போய்க் கியரை மாற்றுகிறது. சூட்டைக் குளிர்விப்பானுக்குக் கொண்டுபோகிறது. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் எவ்வளவு வழுக்க வேண்டும், எந்த நொடியில் பிடிக்க வேண்டும் என்பதும் இதில் கலந்திருக்கும் மருந்தைப் பொறுத்தது. வெறும் வழவழப்புக்காக ஊற்றுவது அன்று. மலாயில் எஞ்சின் எண்ணெயை மிஞாக் ஈத்தாம், அதாவது கறுப்பெண்ணெய் என்கிறோம். இதைச் "சிவப்பெண்ணெய்" என்றால் யாருக்கும் புரியும்.

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:

அண்ணன், ஈப்போவில் புரியும். செம்பனைத் தோட்டத்தில் சிவப்பெண்ணெய் என்றால் ஆலையில் பிழிந்த கச்சாப் பாமாயில்தான் கண்முன் நிற்கும். மேலும் அந்தச் சிவப்பு வெறும் சாயம். வண்டிக்கு அடியில் சொட்டினால் எஞ்சின் கசிவா, கியர்பெட்டிக் கசிவா என்று பிரித்தறியச் சேர்த்தது. பழசானால் பழுப்பாகிறது, குளிர்விப்பான் ஓட்டையாகித் தண்ணீர் கலந்தால் இளஞ்சிவப்புப் பாலாகிறது. நிறத்தைப் பெயராக வைத்தால், கெட்டுப்போன எண்ணெயைப் பிள்ளைகள் வேறு பொருளென்று நினைப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

எங்கள் பாடநூல்களில் "பாய்மம்" நிலைபெற்றுவிட்டது. "தானியங்கிச் செலுத்தப் பாய்மம்" என்பதே முறையான கலைச்சொல். பட்டறைகளில் "ஆட்டோ எண்ணெய்" என்ற வழக்கு உண்டு என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அதை ஏற்காதீர்கள். இங்கே ஆட்டோ என்றால் மூன்று சக்கர வண்டி.

நூலகர், கிள்ளான்:

பாய்மம் என்றால் காற்றும் அதில் அடங்கும், ஐயா. பாடநூலில் அது சரி. புட்டியில் இருப்பதற்கு அந்தச் சொல் அகலம்.

தூய்மை பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய எங்கள் பாட்டி மரத்தில் கட்டிய கிண்ணத்தை "மங்கு" என்றார். மலாய் மங்கோக். கணக்குப்பிள்ளையைக் "கிராணி" என்றார். அவர் தமிழ் எந்த விதத்திலும் குறைந்துவிடவில்லை. தொல்காப்பியரே வடசொல்லை எழுத்து மாற்றி ஏற்க இடம் தந்திருக்கிறார். "கியர்" தமிழெழுத்தில் எழுதி எத்தனையோ காலமாகிறது.

தமிழாசிரியர், தைப்பிங்:

அம்மா, வடசொல்லுக்குத் தந்த இடத்தை எல்லாச் சொல்லுக்கும் திறந்துவிட்டால் வேலி எதற்கு? ஆயினும் "நெய்"யை விட்டுக்கொடுக்கிறேன். "மின்மாற்றி எண்ணெய்" என்பது நல்ல தமிழாக வழங்குகிறது. அந்த அச்சிலேயே "தன்மாற்றி எண்ணெய்" என்று வைத்தால் என்ன? தானாகக் கியர் மாற்றும் பெட்டி தன்மாற்றி.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

மின்மாற்றி என்பது மின்னை மாற்றுவது, இரண்டாம் வேற்றுமைத்தொகை. அப்படியே விரித்தால் தன்மாற்றி, தன்னை மாற்றுவதாகிவிடும். பெட்டி தன்னை மாற்றிக்கொள்வதில்லை, கியரைத்தான் மாற்றுகிறது. தானியங்கியில் எழுவாயாக நிற்கும் "தான்" இங்கும் வேண்டும்: "தான்மாற்றி".

பட்டறை உரிமையாளர், ஈப்போ:

தான்மாற்றி எண்ணெய். வாயில் வருகிறது. எனக்குச் சம்மதம்.

ஆனால் எந்தச் சொல்லை வைத்தாலும், பக்கத்திலேயே தரப்பெயரை எழுதாவிட்டால் பயனில்லை. மிட்சுபிஷி கியர்பெட்டி வைத்த பழைய புரோட்டோன் என்றால் எஸ்.பி. வரிசை எண்ணெய். டொயோட்டாவில் டி-4 கேட்கும் பெட்டி வேறு, அதைவிட மெலிந்த டபிள்யூ.எஸ். கேட்கும் பெட்டி வேறு. ஹோண்டாவுக்கு அதன் சொந்த எண்ணெய். டெக்ஸ்ரான் 3 என்ற தரத்துக்கு உரிமம் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 இறுதியோடு நிறுத்திவிட்டது. இன்று புட்டியில் அந்தப் பெயர் இருந்தால் அது தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது. வண்டியின் கையேட்டையும் எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோலில் பொறித்த எழுத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அடித்திருகைக் கழற்றினால் முழுதும் வடியாது. பாதிக்கு மேல் முறுக்குவிசை மாற்றிக்குள்ளேயே தங்கிவிடுவதுண்டு. வடிந்த அளவை அளந்து அதே அளவு ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி வடிப்பதுதான் பழைய வண்டிக்கு நல்லது. நெடுங்காலம் மாற்றாமல் விட்டு, கருகிய வாடையோடு, கியர் நழுவும் வண்டியை இயந்திரம் வைத்து ஒரேயடியாக அலசிவிட்டு, அதன்பின் நகரவே இல்லை என்று இழுத்து வந்தவர்கள் உண்டு. தட்டு ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. புது எண்ணெய் அதைத் திருப்பித் தராது. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள், தம்பி.

நூலகர், கிள்ளான்:

அளவு பார்க்கும் முறையையும் சேர்க்க வேண்டும். என் அண்ணன் வண்டியில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்கிறது. பக்கத்து வீட்டு ஹோண்டாவில் நிறுத்திய பிறகு. ஒரே சொல்லை வைத்ததும் ஒரே முறை என்று எண்ணிவிடுவார்கள்.

பயிற்றுநர், சுங்கை சிப்புட்:

சேர்த்துவிட்டேன், அக்கா. கையேட்டில் "தான்மாற்றி எண்ணெய்" என்று போகிறது. முதல் இடத்தில் மட்டும் மலாய்ப் பெயர் தமிழெழுத்தில் பக்கத்தில் வரும். அவர்கள் எழுதப்போகும் தேர்வு மலாயில்தான். "கியர் எண்ணெய்" கைக்கியர் பெட்டிக்கு மட்டும். "கியர்பெட்டி" அப்படியே இருக்கிறது.

தமிழாசிரியர், தைப்பிங்:

"கியர்பெட்டி"க்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். "பல்லிணைப் பெட்டி" இருக்கும்போது அரைத்தமிழ் ஏன்? அடுத்த பதிப்புக்கு விரிவாக எழுதி அனுப்புவேன்.

பட்டறை உரிமையாளர், ஈப்போ:

ஐயா, பல்லிணை என்றால் பல் மருத்துவமனைக்கு வழி கேட்பார்கள். அது கிடக்கட்டும். கியரே இல்லாமல் வாரில் ஓடும் சி.வி.டி. பெட்டிக்கு எண்ணெய் தனி. அதைத் தான்மாற்றி எண்ணெய் என்று யாரும் ஊற்றிவிடக் கூடாது. அதற்கு என்ன பெயர் வைப்பது?