பெயரில்லாத செய்கைகளுக்குப் பெயர் வைத்தல்: எது ஒட்டுகிறது, எது உதிர்கிறது?

சொற்கொல்லன்

எதிரே வருபவர் கையசைக்கிறார், நாமும் அசைக்கிறோம். அவர் அசைத்தது நமக்குப் பின்னால் நிற்பவருக்கு. தூக்கிய கை தலைமுடியைக் கோதுவதுபோல மெல்ல இறங்குகிறது. எல்லா ஊரிலும் எல்லாரும் செய்யும் இந்தச் செய்கைக்குப் பெயர் இல்லை. இதுபோன்றவற்றுக்கு நீங்கள் கட்டிய சொற்களை இங்கே போடுங்கள். சொல்லை மட்டும் போட்டால் போதாது. எப்படிக் கட்டினீர்கள், எந்த இடத்தில் உடையும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

என்னுடையது: ஏமாறுகை.

முதலில் செய்கையை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். பிறகு அதில் நெருடும் கணம் எது என்று பார்க்க வேண்டும். இங்கே அந்தக் கணம், பாதி வழியில் அந்தரத்தில் நிற்கும் கை. பெயர் அந்தக் கணத்துக்குத்தான், முழுக்கதைக்கும் அல்ல. ‘தவறாகக் கையசைத்தல்’ என்றால் பொருள் சரி, ஆனால் வாயில் வராது. ‘கை’ உறுப்பு மட்டுமல்ல, வருகை, செய்கை என்பவற்றில் வரும் தொழிற்பெயர் விகுதியும்கூட. அதனால் ஏமாறுகை என்பதை வினைத்தொகையாக, அதாவது காலம் காட்டாத வினையடி பெயரோடு சேர்ந்த சொல்லாகப் படித்தால் ஏமாறிய கை, தொழிற்பெயராகப் படித்தால் ஏமாறுதல். எப்படிப் படித்தாலும் எழுத்துக்கூட்டு மாறுவதில்லை. இப்படி இரண்டு வேலை செய்யும் உறுப்புகளைத் தேடிப் பிடிப்பதுதான் முக்கால் பங்கு வேலை.

ஒற்று

நல்ல சொற்கள் பல, நடுவில் வர வேண்டிய ஒற்றெழுத்தைத் தவறவிட்டே சாகின்றன. யாரையோ தவிர்ப்பதற்காக, மறுமுனையில் ஆளே இல்லாமல் காதில் வைத்துக்கொள்ளும் கைபேசிக்கு பேசாப்பேசி. ‘பேசாத’ என்பதன் ஈறு கெட்டு ‘பேசா’ என்று நிற்பதால் அடுத்து வரும் வல்லினம் மிகும், அதாவது நடுவில் ப் வரும். ‘பேசாபேசி’ என்று எழுதினால் கண்ணுக்கு ஏதோ அச்சுப்பிழை போலத் தெரியும். படிப்பவர் சிரிக்க வேண்டிய இடத்தில் திருத்த ஆரம்பித்துவிடுவார்.

வினைத்தொகை இதற்கு நேர் எதிர், அங்கே மிகக் கூடாது. சுடுகாடு, எரிகல் போலத்தான் வழுக்குவிரல், அதாவது மனம் வேறெங்கோ இருக்க, திரையைத் தள்ளிக்கொண்டே போகும் விரல். புரியாத நகைச்சுவைக்குக் கூட்டத்தோடு சேர்ந்து சிரிப்பது தொற்றுச்சிரிப்பு. ‘தொற்று’ வன்தொடர்க் குற்றியலுகரம் (வல்லின மெய்யை அடுத்து வரும் குறுகிய உகரத்தில் முடியும் சொல்) என்பதால் இங்கே ச் வந்தே ஆக வேண்டும்.

இலக்கணம் நினைவில்லை என்றால் சொல்லை வேகமாக மூன்று முறை சொல்லிப் பாருங்கள். நாக்கு தானாக அழுத்தும் இடத்தில் ஒற்று இருக்கும், பெரும்பாலும் தவறாது.

தெருவிளக்கு

எதிரெதிரே வரும் இருவர் வழிவிடுவதாக நினைத்து ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடி ஒரே பக்கம் ஒதுங்குவது ஒதுங்காட்டம். ஒதுங்கு + ஆட்டம். உகரம் விழுந்து சேர்ந்ததும் ‘ஒதுங்கா’ என்றும் காதில் விழுகிறது. ஒதுங்கினார்கள், ஆனாலும் ஒதுங்கவில்லை. ஏழு எழுத்து கொஞ்சம் நீளம்தான். குறைக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

மடைமாற்றி

குறைக்க வேண்டாம், அசைந்து அசைந்து வரும் அந்த நீளமே ஆட்டத்துக்குப் பொருத்தம்.

நான் புதிதாகக் கட்டுவதைவிட இருக்கும் சொல்லைத் திருப்பிவிடுவதை விரும்புகிறேன். ‘போய் வருகிறேன்’ என்று விடைபெற்ற பிறகு, இருவரும் ஒரே திசையில் நடக்க வேண்டியிருக்கும் சங்கடம் இருக்கிறதே, அதற்கு பிரியாவிடை. விடை கொடுத்தாயிற்று, பிரியவில்லை. சொல் எல்லாருக்கும் தெரிந்தது, விளக்கமே தேவையில்லை.

ஆனால் இந்த வழியில் ஓர் ஆபத்து உண்டு. பழைய பொருள் வலுவாக இருந்தால் புதியதை விழுங்கிவிடும். காப்பாற்றுவது பக்கத்தில் நிற்கும் வினைச்சொல்தான். பழைய பிரியாவிடையைக் கொடுப்பார்கள், பெறுவார்கள். புதியதை ‘மாட்டினோம்’, ‘பிரியாவிடை ஆகிவிட்டது’ என்று மட்டும் சொல்லிப் பழக்குங்கள். நாலைந்து முறை கேட்டதும் காது பிரித்துக்கொள்ளும்.

இன்னொன்று: ஓர் அறைக்குள் நுழைந்ததும் எதற்கு வந்தோம் என்பதை மறந்து நிற்பது நிலைமறதி. நிலை என்றால் இருக்கும் நிலைமை, கதவைத் தாங்கும் சட்டமும் நிலைதான். இது வெறும் சிலேடை அல்ல. வாசலைத் தாண்டும்போது நினைவு நழுவுவதை உளவியலாளர் கேப்ரியல் ராட்வான்ஸ்கியும் அவரோடு பணியாற்றிய ஆய்வாளர்களும் 2011-இல் சோதனை வழியே காட்டினார்கள். வாசலைக் கடப்பதை மனம் ஒரு நிகழ்வின் முடிவாக எடுத்துக்கொண்டு, முந்தைய அறையில் நினைத்ததைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். காரணம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே பெயர் வைத்தால் சொல்லுக்கு ஆயுள் கூடும் என்பது என் நம்பிக்கை.

கண்ணி

இரண்டு சொற்களை வெட்டி ஒட்டும் முறையைப் பற்றி யாரும் பேசவில்லையே! ஆங்கிலத்தில் அதற்கு வழி காட்டியவர் எழுத்தாளர் லூயிஸ் கரோல். 1871-இல் வந்த அவருடைய நூலில் உள்ள ‘சார்ட்டில்’ (chuckle, snort இரண்டையும் ஒட்டியது என்பார்கள்) இன்று அகராதிச் சொல். அதே கத்திரியைத் தமிழில் வைத்தால் பெரும்பாலும் பிணம்தான் கிடைக்கும். யோசனையையும் தயக்கத்தையும் வெட்டி ‘யோயக்கம்’ என்றால் யாருக்குப் புரியும்? நம் சொற்களில் பொருள் அடிச்சொல்லில் இருக்கிறது. அதில் கத்தி பட்டால் போயிற்று.

வெட்டாமல் கோக்க வேண்டும். முதல் சொல்லின் கடைசி எழுத்தும் இரண்டாவதன் முதல் எழுத்தும் ஒன்றாக இருந்தால் இரண்டும் முழுதாகவே உள்ளே இருக்கும்.

மறதி + திகைப்பு = மறதிகைப்பு. ஒருவரை அறிமுகம் செய்ய வாயெடுத்ததும் அவர் பெயர் மறந்து விழிப்பது. ஸ்காட்லாந்துக்காரர்கள் இதற்கு ‘டார்ட்டில்’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

பொறாமை + மையல் = பொறாமையல். பிடிக்காத ஒருவரின் படங்களைப் பார்க்காமல் இருக்க முடியாத நிலை.

சிரிப்பு + புலம்பல் = சிரிப்புலம்பல். விளக்கம் வேண்டாம்.

தேடும் வழி எளிது. மெய்யில் முடியும் சொற்களை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். ஏக்கம், எரிச்சல் போன்றவை உதவாது, ஏனென்றால் தமிழில் சொல் மெய்யில் தொடங்காது. உயிர்மெய்யில் முடிந்தாலும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசை வந்தால் விட்டுவிடுங்கள். தமிழ்ச்சொற்கள் அவற்றில் தொடங்குவதில்லை. கவலை அருமையான சொல், ஆனால் ‘லை’யில் தொடங்கும் துணை அதற்குக் கிடைக்காது. தி, மை, பு, கை, சி இந்த முடிவுகள்தான் விளைநிலம். இருநூறு உணர்ச்சிச் சொற்களை எழுதி வைத்துச் சலித்தால் நாலைந்து தேறும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சொற்கொல்லன்

மறதிகைப்பு அபாரம், கண்ணி. கோத்த இடமே தெரியவில்லை.

ஏடு

உடைந்ததையும் சொல்ல வேண்டும். வாக்குவாதம் முடிந்து வீடு வந்த பிறகு தோன்றும் சரியான பதிலுக்கு ‘ஆறுபதில்’, ஆறிப்போன பதில். தாளில் அழகு. வாயில் சொன்னால் ‘அறுபதில்’ என்றோ ஆறு பதில்கள் என்றோ கேட்கிறது. பிந்துபதில் என்று மாற்றினால் அந்தக் குழப்பம் இல்லை. கேட்பவர் எழுத்தைப் பார்க்கப்போவதில்லை. ஆகவே எழுதிக் காட்டாமல் ஒருவரிடம் சொல்லி, அவரையே எழுதச் சொல்லுங்கள். வேறு எதையாவது எழுதினால் சொல்லைத் திருத்த வேண்டும்.

அடுத்து அகராதி. செய்தியைத் தட்டி, அழித்து, மறுபடி தட்டி, கடைசியில் அனுப்பாமலே விடுவதற்கு தட்டழிப்பு நன்றாக வரும். ஆனால் தட்டழிதல் என்ற சொல் தடுமாறுதல் என்ற பொருளில் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே அது பலமாகிவிட்டது, தட்டி அழிப்பவர் தடுமாறத்தானே செய்கிறார். எப்போதும் இப்படி அமையாது, முன்பே வேறு பொருளில் வழங்கும் சொல்லாகவும் இருக்கலாம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இணையத்தில் கிடைக்கிறது. ஒரு நிமிடம் செலவழித்துப் பாருங்கள்.

கடைசியாக, சொல் கிளைக்குமா என்று பார்க்க வேண்டும். புதுச்சொற்கள் நிலைக்குமா என்பதைக் கணிக்க அமெரிக்க மொழியறிஞர் ஆலன் மெட்காஃப் 2002-இல் முன்வைத்த ஐந்து அளவுகோல்களில் இதுவும் ஒன்று. கண்ணில் உறுத்தாமல் இருப்பது இன்னொன்று. வேலையை ஒத்திப்போடும் பழக்கத்துக்கு நாளைப்பாடு என்று வைத்தால், ஈடுபாட்டுக்கு ஈடுபடு இருப்பதுபோல ‘நாளைப்படு’ கிடைக்கிறது. ‘இரண்டு வாரமாக நாளைப்பட்டுக்கொண்டிருக்கிறார்’ என்று சொல்லலாம். ‘நாள்பட்ட’ என்பதும் உள்ளே ஒலிக்கிறது. பாடு என்றாலே துன்பம் என்பது கூடுதல் வரவு. வினையாக மாறாத சொல் ஒருநாள் கைதட்டல் வாங்கிவிட்டு ஓய்ந்துவிடும்.

ஒற்று

ஏடு சொன்னதோடு ஒன்று. செய்கைக்குப் பெயர் வையுங்கள், ஆளுக்கு வைக்காதீர்கள். நாளைப்பாடு என்றால் கேட்பவர் ‘எனக்கும் உண்டு’ என்பார். அதிலேயே ‘காரன்’ சேர்த்தால் வசவாகிவிடும், யாரும் தனக்கென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தெருவிளக்கு

தொலைபேசியில் பேச்சு முடிந்த பிறகும் ‘சரி, வைக்கட்டுமா’, ‘ம், வைக்கட்டுமா’ என்று இருவரும் வைக்காமலே இருப்பதற்கு? ‘வையாவைப்பு’ வரை வந்தேன். ‘வைதல்’ என்றால் திட்டுதல் என்பதால் திட்டாமல் திட்டுவதுபோல் கேட்கிறது.

கண்ணி

‘மா’வில் முடிகிறதே, கோக்கலாம். வைக்கட்டுமா + மாலை = வைக்கட்டுமாலை. குறைந்தது மூன்று ‘வைக்கட்டுமா’ இருந்தால்தான் மாலை. இரண்டு என்றால் அது சாதாரண விடைபெறல்.